உதிர்ந்த பழத்தைப் பொறுக்குபவர் யார்?

மதிப்பிற்குரிய ஐயா,

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழே, கார் நிறுத்துமிடத்தை ஒட்டி ஒரு பெரிய மாமரம் நிற்கிறது. யார் நட்டது என்று எவருக்கும் தெரியவில்லை. இந்த முறை கொத்துக் கொத்தாகக் காய்த்தும், பழுப்பதற்குள் பாதிக்கு மேல் காணாமல் போய்விட்டது. துப்புரவு வேலை செய்யும் வெளிநாட்டு ஊழியர் ஒருவர் காலையில் பை நிறைய எடுத்துப் போவதை என் மனைவி பார்த்திருக்கிறாள். இங்கேயே குடியிருக்கும் எங்களுக்கு ஒரு பழம்கூடக் கிடைக்கவில்லை. பொது இடத்து மரத்தில் பறிப்பது குற்றமா? எங்களுக்கு உரிய பங்கு கிடைக்க, ஒரு செயலி வழியாக முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளலாமா?

ஒரு வாசகர், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள தம்பி,

எங்கள் பேட்டையில் காய்க்கும் மரம் ஒன்றை வெட்டச் சொல்லி அண்டை வீட்டார் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கும் நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. அவர்களுடைய குறை பழம் வழுக்குகிறது, ஈ மொய்க்கிறது என்பது. உங்களுடைய குறை பழம் கிடைக்கவில்லை என்பது. இரண்டுக்கும் ஒரே பதில்தான் உண்டு என்று எனக்குப் படுவதால் எழுதுகிறேன்.

சட்டத்தை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். பூங்காக்களில் அனுமதியின்றிக் கிளையோ கனியோ பறித்தால் 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். இயற்கைக் காப்பகங்களில் அது 50,000 வெள்ளியும் ஆறு மாதச் சிறையும் வரை போகும். உங்கள் மரம் குடியிருப்புப் பேட்டையின் பொது இடத்தில் நிற்பதால் நகர மன்றத்திடம் கேளுங்கள். செயலி வேண்டாம். ஒரே மின்தூக்கியில் நாள்தோறும் ஏறி இறங்குகிறவர்கள் வாயைத் திறந்து பேசிக்கொண்டாலே போதும்.

பாதி காணாமல் போனதற்காக யாரையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பூத்த பூக்களில் நூற்றில் ஒன்றைக்கூட மாமரம் முற்றவிடுவதில்லை; பெரும்பகுதியைப் பிஞ்சிலேயே உதிர்த்துவிடும். மிஞ்சியதில் வௌவாலும் அணிலும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும்.

என்னை வருத்தியது அந்த ஊழியரைப் பற்றி நீங்கள் எழுதிய வரி. அவருடைய பையில் என்ன இருந்தது என்று நீங்கள் பார்த்தீர்களா? விடிவதற்கு முன்பே வந்து உங்கள் மரத்தடியைப் பெருக்குகிறவர் அவர். தரையில் நசுங்கிக் கிடப்பதையும் அழுகிப் புழு வைத்ததையும் அள்ளுகிறவரும் அவர்தான். அதைச் செய்வதால் அவர் அந்த மரத்துக்கு என்ன செய்கிறார் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் பழத்தைப் பங்கிடப் பேசுகிற எவரும் இதைப் பேசுவதில்லை.

பழ ஈ முற்றிவரும் மாங்காயின் தோலைத் துளைத்து உள்ளே முட்டையிடும். வெளியே பார்த்தால் ஊசி குத்தியது போன்ற ஒரு புள்ளி மட்டுமே தெரியும். அறுத்தால் உள்ளே சதை கூழாகி, வெள்ளைப் புழுக்கள் நெளியும். அந்தக் காய் உதிர்ந்து தரையில் கிடந்தால் புழு வெளியேறி, மண்ணுக்குள் புகுந்து கூட்டுப்புழுவாகி, சில வாரங்களுக்குள் ஈயாக எழுந்து அதே மரத்தில் எஞ்சியிருக்கும் காய்களைத் தேடிப் போகும். ஆகவே இன்றைக்கு உதிர்ந்த பழத்தை இன்றைக்கே அள்ளி, பையில் இறுகக் கட்டி அப்புறப்படுத்துகிறவர்தான் அடுத்து முற்றும் காய்களைக் காப்பாற்றுகிறார். காய் முட்டையளவு பருத்ததும் காகிதப் பையால் மூடிக் கட்டினால் இன்னும் நல்லது. முற்றியதைப் பறிக்கும்போது ஒரு விரல் நீளம் காம்பு விட்டுப் பறித்து, பிறகு அதை ஒடித்துக் கவிழ்த்து வைத்துப் பாலை வடியவிட வேண்டும். இல்லாவிட்டால் பால் பட்ட தோல் கருகி, அந்த இடத்திலிருந்து பழம் அழுகத் தொடங்கும். இவற்றில் ஒன்றையாவது உங்கள் புளோக்கில் யாராவது செய்தார்களா? செய்யாமல் ‘உரிய பங்கு’ என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நான் சிறுவனாக இருந்தபோது செம்பவாங்கில், கடற்படைத் தளத்துக்கு அருகில், எங்கள் வரிசை வீடுகளின் பொதுச் சந்தில் ஒரு பலாமரம் இருந்தது. அதைப் பேணியவர் கடைசி வீட்டு மக்சிக், அதாவது மலாய்க்கார அத்தை. தென்னங்கீற்றைக் கூடையாக முடைந்து ஒவ்வொரு பலாக்காயையும் அதற்குள் பொதிந்து கட்டுவார். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளைப் பிடித்து வைத்துக் கீற்றுக் கிழிக்கச் சொல்வார், சருகு வாரச் சொல்வார். பழுத்ததும் கத்தியிலும் கையிலும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு சந்திலேயே உட்கார்ந்து அறுப்பார். முதல் சுளை சருகு வாரிய பிள்ளைகளுக்கு. துடைப்பத்தைத் தொடாத வீடுகளுக்கும் அவர் கொடுக்காமல் இருந்ததில்லை, ஆனால் கடைசியில்தான் கொடுப்பார். அதை யாரும் அவமதிப்பாக எடுத்துக்கொண்டதில்லை. என் அம்மாவுக்குக் கொட்டைகள் தனியாக வந்துவிடும், குழம்புக்கு. அந்தச் சந்தில் வளர்ந்ததனால்தானோ என்னவோ, பழத்தில் யாருக்கு எவ்வளவு என்ற பேச்சு எழும்போதெல்லாம், சருகு வாரியது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

சங்ககாலக் குறுநில மன்னன் நன்னனின் கதையை நீங்கள் படித்திருப்பீர்கள். ஆற்றில் மிதந்து வந்த காயை, குளிக்கப் போன ஒரு பெண் எடுத்துத் தின்றாள். அது அவனுடைய காவல் மரத்து மாங்காய். 81 யானைகளையும் அவள் எடைக்கு எடை பொன்னால் செய்த பாவையையும் ஈடாகக் கொடுக்க முன்வந்தும் ஏற்காமல் அவளைக் கொன்றான். பெண்கொலை புரிந்தவன் என்ற பழிச்சொல் சங்கப் பாட்டில் இன்றும் அவன்மேல் நிற்கிறது. உங்களை அவனோடு சேர்த்துப் பேசவில்லை, தம்பி. கீழே விழுந்ததை எடுத்தவரைக் கணக்குக் கேட்கும் பழக்கம் நம்மிடம் எவ்வளவு பழையது என்பதையே சொல்கிறேன்.

1963ல் ஃபேரர் சர்க்கஸில் திரு. லீ குவான் யூ ஒரு மெம்பாட் மரத்தை நட்டுத் தொடங்கிவைத்த மரநடு இயக்கம் நிழலையும் அழகையும் நோக்கியது. குடியிருப்புப் பேட்டைகளில் பழமரங்களும் பரவலாக நடப்பட்டது 1980களில்தான். உங்கள் மாமரம் அப்படி வந்திருக்கலாம், அல்லது யாரோ ஒரு பாட்டி கொட்டையைப் புதைத்திருக்கலாம். எப்படியானாலும் 2005ல் தொடங்கிய சமூகத் தோட்டத் திட்டத்தில் எத்தனையோ புளோக்குகளில் அண்டை அயலார் சேர்ந்து பயிரிட்டு, விளைந்ததைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டு வருகிறார்கள். உங்களாலும் முடியும். மரத்தடியைப் பார்த்துக்கொள்ள நான்கு வீட்டார் முன்வந்தால் போதும்.

வசிப்போர் குழு வழியாக நகர மன்றத்துக்கு எழுதுங்கள். காய்களுக்குப் பை கட்டவும், உதிர்ந்ததை அள்ளவும், முற்றியதைப் பறித்துக் கீழ்த்தளத்தில் ஒரு மேசையில் வைக்கவும் அனுமதி கேளுங்கள். அதற்கு முன் அந்த ஊழியரின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பழம் பெறுவோரில் துப்புரவு ஊழியர்களும் உண்டு என்று கடிதத்திலேயே குறிப்பிட்டு, அதற்கும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இல்லாவிட்டால் ஒரு மாம்பழத்துக்காக அவருடைய வேலை போய்விடக்கூடும்.