மனசு தெளிஞ்சிருச்சு, கணக்குல கவனம் நிக்கலையே!

கேள்வி: மஞ்சள் மண்டியில கணக்கு எழுதறேனுங்க டாக்டர். வயசு 38. போன வருசம் டிப்ரஷன்னு சொல்லி மாத்திரை ஆரம்பிச்சாங்க. இப்ப அழுகை இல்லை, சோறு இறங்குது. ஆனா விரலி எத்தனை மூட்டை, கிழங்கு எத்தனை மூட்டைன்னு எழுதிட்டு இருக்கையில யாராச்சும் கூப்பிட்டா, எந்த வரியில விட்டேன்னே தெரியறதில்லீங்க. ஒரே கூட்டலைத் திரும்பத் திரும்பப் போடறேன். "நல்லாத்தானே இருக்கற, அப்புறமென்ன அம்மணி?"ங்கறார் முதலாளி. மாத்திரையை நிறுத்தச் சொல்றாங்க மாமியார். எனக்கு மறதி நோயா? வேலையை விட்டுடட்டுங்களா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: மறதி நோயாக இருக்குமோ என்ற பயத்தை முதலில் இறக்கி வையுங்கள் அம்மணி. எங்கே, எப்போது தடுமாறுகிறீர்கள் என்று இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில், இந்த நோய்க்குப் பிறகு, நான் முதலில் நினைப்பது டிப்ரஷனின் மிச்சத்தைத்தான்.

டிப்ரஷன் என்றால் அழுகையும் சோகமும் மட்டும் என்று வீட்டில் நினைக்கிறார்கள். நாங்கள் நோயாளியிடம் கேட்கும் பி.எச்.கியூ-9 படிவத்தின் ஏழாவது கேள்வியே, பேப்பர் படிக்கும்போதும் டி.வி. பார்க்கும்போதும் கவனம் நிற்கிறதா என்பதுதான். கவனக் குறைவும் நோயின் ஒரு பகுதி. அழுகை நின்று, பசி வந்த பிறகும் பலருக்கு இது மட்டும் மாதக்கணக்கில் பின்தங்கி நிற்கும்.

பரிசோதனையில் 100-இலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொல்வேன். 93, 86 என்று சரியாக வருவார்கள். அப்புறம் வெளியே ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்கும். "எதுல விட்டேனுங்க?" என்பார்கள். கழித்தல் மறக்கவில்லை, விட்ட எண்ணை மனதில் பிடித்து வைக்கும் இடம்தான் இன்னும் பலவீனமாக இருக்கிறது. உங்கள் பேரேட்டிலும் அதேதான் நடக்கிறது. மூட்டை, எடை, ஏல விலை, மேலே கொண்டுபோகும் எண் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடிக்க வேண்டிய வேலை அது.

மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மாமியார் அக்கறையில் சொல்கிறார், ஆனால் இதில் அவர் பேச்சைக் கேட்க வேண்டாம். குணமான பிறகும் பொதுவாக 6 மாதமாவது மருந்து தொடர வேண்டும்; பாதியில் விட்டால் நோய் திரும்பும் ஆபத்து அதிகம். திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், படபடப்பு வரலாம். அதேசமயம் மிர்டாசபின், அமிட்ரிப்டிலின் போன்ற சில மாத்திரைகள் பகலிலும் மந்தமாக்குவது உண்மை. எழுதிக் கொடுத்த டாக்டரிடமே சொன்னால் அளவையோ நேரத்தையோ மருந்தையோ மாற்றுவார். அப்படியே தைராய்டு, பி12, ஹீமோகுளோபின் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். இவற்றில் ஒன்று குறைந்தாலும் இதே மந்தம் வரும். குறட்டை அதிகமா என்று வீட்டுக்காரரைக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சு தடைபட்டாலும் பகலில் கவனம் நிற்காது.

மண்டியில் ஏலக் கூட்டம் தொடங்கும் முன் கூட்டல் வேலையை முடித்துவிடுங்கள். அந்த நேரம் செல்போன் மேசையில் இருக்கவே கூடாது. யாராவது கூப்பிட்டால், எழுந்திருக்கும் முன் விட்ட வரியில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள், அதுவரை வந்த கூட்டலை ஓரத்தில் குறித்துவிடுங்கள். மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று மட்டும் எழுந்து போகாதீர்கள். அரைமணி நேரம் எழுதினால் எழுந்து கொஞ்சம் நடந்துவிட்டு வந்து உட்காருங்கள். சாயங்காலம் காளிங்கராயன் வாய்க்கால் கரையிலோ, வீட்டுப் பக்கத்துத் தெருவிலோ வேர்க்க நடங்கள். மனச்சோர்வுக்கு நடை நல்ல துணை மருந்து என்பதை அடித்துச் சொல்வேன்.

"மனசை ஒருநிலைப்படுத்து" என்று சொல்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வரும். முடிந்தால் செய்ய மாட்டீர்களா? முதலாளியிடம் நோயின் பெயரைச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. "ஒடம்புக்கு முடியாம இருந்து இப்பத்தான் தேறி வர்றேனுங்க, கொஞ்ச நாளைக்குக் கணக்கை இன்னொருத்தர் ஒருதரம் பார்த்துக் கொடுக்கட்டுங்க" என்று கேளுங்கள்.

வேலையை இப்போது விடாதீர்கள். தினமும் போய் உட்காரும் இடம் ஒன்று இருப்பது உங்களுக்கு நல்லது. தேவைப்பட்டால் சில வாரம் அரைநாள் கேளுங்கள். அதற்குள் அழுகையோ, இருந்து என்ன பயன் என்ற எண்ணமோ திரும்பினால், அடுத்த அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ராத்திரி நேரமானால் 14416, அரசின் டெலி-மானஸ் மனநல உதவி எண்; இலவசம், தமிழில் பேசலாம்.