புதுக் குடியிருப்பும் டவுன் கவுன்சிலும்: மன்னார்குடித் தம்பிக்கு ஒரு பதில்

அன்புள்ள தம்பி,

மன்னார்குடியிலிருந்து வந்து, இங்கிலாந்தில் ஒரு சிறுநகரத்தின் புதுக் குடியிருப்பில் வாடகைக்கு இருப்பதாக எழுதியிருந்தீர்கள். சுற்றிலும் வீடுகள் பெருகிக்கொண்டே போகின்றன. பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளியில் இடமில்லை, தெருவிளக்கு எரிவதில்லை, பத்துக் குடும்பம் கூடிப் பொங்கல் வைக்க ஒரு கூடமும் இல்லை. டவுன் கவுன்சிலைக் கேட்டால் "அது எங்கள் பொறுப்பில் இல்லை" என்கிறார்கள், வளரும் ஊருக்கு இவர்கள் என்னதான் செய்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. அவர்கள் சொன்னது தட்டிக்கழிப்பு அல்ல, பெரும்பாலும் உண்மை. குடிநீர், குப்பை, தெருவிளக்கு, பிறப்புச் சான்றிதழ் என்று எல்லாவற்றுக்கும் நகராட்சி அலுவலகத்தின் படியேறிப் பழகியவர்கள் நாம். இங்கே உங்கள் பகுதியில் மூன்று அடுக்குகள் உள்ளன: மேலே கவுண்டி கவுன்சில், அதற்குள் டிஸ்ட்ரிக்ட் கவுன்சில், அதற்குள் உங்கள் ஊருக்கான டவுன் கவுன்சில். பள்ளியும் சாலையும் கவுண்டி கவுன்சிலைச் சேர்ந்தவை. குப்பையும் கட்டட அனுமதியும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலைச் சேர்ந்தவை. பூங்கா, விளையாட்டுத் திடல், இடுகாடு, சமுதாயக் கூடம், பேருந்து நிழற்குடை போன்றவையே டவுன் கவுன்சிலுக்கு மிஞ்சுகின்றன.

தெருவிளக்கு விஷயத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. புதுக் குடியிருப்புச் சாலைகளைக் கவுண்டி முறைப்படி ஏற்றுக்கொள்ளும் வரை அவை வீடு கட்டிய நிறுவனத்தின் சொத்து. சில இடங்களில் கவுண்டி ஏற்றுக்கொள்வதே இல்லை, குடியிருப்போரிடம் ஆண்டுக் கட்டணம் வாங்கும் ஒரு பராமரிப்பு நிறுவனமே எல்லாவற்றையும் பார்க்கிறது. மழைநீர் வடிவதற்காக வெட்டிய குளங்களின் நிலையும் பல இடங்களில் இதுதான். ஜூன் 12 மேட்டூர் திறப்புக்கு முன் வாய்க்காலைத் தூர்வாரினார்களா என்று கேட்டு வளர்ந்த நமக்கு, அந்தக் குளத்தை யார் பராமரிப்பது என்று கேட்கச் சொல்லித்தர வேண்டியதில்லை. முதலில் உங்கள் வீட்டு உரிமையாளரிடம், சாலை யார் பொறுப்பில் இருக்கிறது என்று எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

வளர்ச்சிக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் நீங்கள் கவனிக்க வேண்டியது. குடியிருப்போர் கட்டும் கவுன்சில் வரியின் சீட்டில் டவுன் கவுன்சிலின் பங்கு தனியே அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் அது சிறு தொகைதான், அதைக் கொண்டு கூடம் கட்ட முடியாது. பெரிய குடியிருப்புக்கு அனுமதி தரும் முன், 1990ஆம் ஆண்டின் நகர ஊரமைப்புச் சட்டம் 106ஆம் பிரிவின்படி, கட்டுகிற நிறுவனத்தோடு ஓர் ஒப்பந்தம் போடப்படுகிறது. பள்ளிக்கு இவ்வளவு, விளையாட்டுத் திடலுக்கு இவ்வளவு என்று அதில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் இத்தனையாவது வீட்டில் ஆள் குடியேறும்போதுதான் இன்ன தொகை செலுத்த வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்தே இருக்கும். வீடுகள் முந்திக்கொள்ள, பள்ளி பிந்துவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். அந்த ஒப்பந்தம் ரகசியம் அல்ல. டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலின் கட்டட அனுமதிப் பதிவேட்டில் எவரும் படிக்கலாம். குறைகூறுவதற்கு முன் அதைப் படியுங்கள் என்று வருகிற எல்லோரிடமும் சொல்கிறேன், படிப்பவர் குறைவு.

இது தவிர, புதுக் கட்டடங்களின் பரப்பைக் கணக்கிட்டு உள்கட்டமைப்புத் தீர்வை ஒன்றைச் சில டிஸ்ட்ரிக்ட் கவுன்சில்கள் வசூலிக்கின்றன. அதில் 15 விழுக்காடு, ஓர் உச்சவரம்புக்கு உட்பட்டு, டவுன் கவுன்சிலுக்குப் போகிறது. ஊரில் எங்கே, எப்படிக் கட்டலாம் என்று வகுத்து, ஊர்மக்கள் வாக்கெடுப்பில் ஒப்புதல் பெற்ற சுற்றுப்புறத் திட்டம் இருந்தால் 25 விழுக்காடு. இந்தப் பணத்தை எதற்குச் செலவிடுவது என்பதில் டவுன் கவுன்சிலுக்கு நல்ல சுதந்திரம் உண்டு, ஆகவே கூடம் கேட்க வேண்டிய இடம் இதுதான். 'தமிழருக்கு ஒரு மண்டபம்' என்று கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லோருக்குமான கூடம் என்று கேளுங்கள், ஆனால் வரைபடக் கட்டத்திலேயே சமையலறையைப் பற்றிப் பேசிவிடுங்கள். தேநீர் போடுவதற்கு மட்டும் போதுமான ஒரு மூலையைச் சமையலறை என்று வரைந்துவிடுவார்கள். நூறு பேருக்குச் சாம்பார் வைக்கும் அடுப்பும் புகைபோக்கியும் பிறகு வேண்டுமென்றால் சுவரை இடிக்க வேண்டியிருக்கும்.

கேட்கும் முறையும் முக்கியம். கழுத்தில் சங்கிலியோடு நிற்கும் மேயரைக் கண்டதும் நம்மவர்கள் மனுவை நீட்டிவிடுகிறார்கள்; அவர் கவுன்சிலின் தலைவர் மட்டுமே, கடிதம் போக வேண்டியது சம்பளத்துக்கு வேலை பார்த்து, கவுன்சிலின் நிர்வாகத்தை நடத்தும் கிளார்க் என்ற அலுவலருக்கு. கூட்டத்தின் நிகழ்ச்சி நிரல் முழுமையாக மூன்று நாள்களுக்கு முன்பே வெளியாக வேண்டும் என்பது சட்டம். பெரும்பாலான கவுன்சில்கள் பொதுமக்கள் பேசவும் சில நிமிடங்கள் ஒதுக்குகின்றன. மார்ச் 1க்கும் ஜூன் 1க்கும் இடையில் ஆண்டுக்கொரு முறை வாக்காளர் கூட்டம் நடக்கும். நம் கிராம சபைக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கது அது, ஆனால் அதன் தீர்மானம் கவுன்சிலைக் கட்டுப்படுத்தாது.

தோட்டம் போட ஆசை என்றும் எழுதியிருந்தீர்கள். 1908ஆம் ஆண்டுச் சட்டப்படி, வாக்காளர் ஆறு பேர் சேர்ந்து எழுதிக் கொடுத்தால், பயிரிடக் குத்தகை நிலம் ஒதுக்குவது பற்றிக் கவுன்சில் பரிசீலித்தே ஆக வேண்டும். வழக்கமான முழுத் துண்டு ஏறக்குறைய 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குச் சற்று மேல். கோடையில் பூசணியும் வெந்தயக்கீரையும் நன்றாக வரும். காத்திருப்போர் பட்டியல் நீளமாக இருக்கக்கூடும் என்பதால் இப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள்.

இவற்றில் சிலவற்றுக்கு வாக்காளர் பட்டியலில் பெயர் வேண்டும். காமன்வெல்த் நாட்டவர் என்பதால், வேலை விசாவில் இருக்கும் நீங்களும் உங்கள் மனைவியும் இந்தியக் குடியுரிமையை விடாமலேயே இங்கே பதிந்துகொண்டு வாக்களிக்கலாம். சாவடியில் காட்ட இந்தியக் கடவுச்சீட்டே போதும். வாக்குப்பதிவுக்கு 12 வேலை நாள்களுக்கு முன் பதிவு முடிந்துவிடும், மறக்காதீர்கள். கவுன்சிலராகப் போட்டியிடத்தான் நிரந்தரமாகத் தங்கும் உரிமை வேண்டும். அதற்கு உங்களுக்கு இன்னும் சில ஆண்டுகள் இருக்கின்றன.