தூந்திராவில் உயிர்கள் பிழைப்பது எப்படி? உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

நம் குழுவில் இந்த மாதம் தூந்திரா பற்றிக் கேள்வி கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். கல்லூரியில் தாவரவியல் நடத்திய காலத்திலிருந்தே எனக்குப் பிடித்த நிலம் அது; ஆர்க்டிக் எனும் வட துருவப் பகுதியில் உள்ள, மரங்களில்லாத குளிர் நிலம். வந்த கேள்விகளை ஊர்ப் பெயரோடு தந்து பதில் எழுதியிருக்கிறேன்.

தாம்பரம், பள்ளி ஆசிரியை: மேடம், அங்கே மரமே இல்லாததற்குக் கடுங்குளிர்தானே காரணம்? பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லித் தருகிறோம்.

குளிர் மட்டும் காரணமில்லை. சைபீரியாவில் ஓய்மியாகோன் என்ற ஊரில் குளிர்காலத்தில் −60 டிகிரிக்கும் கீழே போனதுண்டு. அங்கே லார்ச் என்ற ஊசியிலை மரக்காடு இருக்கிறது. அடியில் நிலமும் நிரந்தரமாக உறைந்துதான் கிடக்கிறது. ஆகவே உறைநிலத்தையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது. மரத்துக்குப் போதாதது கோடை. ஆண்டின் மிக வெப்பமான மாதத்தின் சராசரி சுமார் 10 டிகிரியைத் தொடாத இடங்களில் மரங்கள் நின்றுவிடுகின்றன. தண்டை வளர்த்துப் பருக்க வைக்கும் அளவுக்கு அந்தச் சில வாரங்களில் உணவு தயாரிக்க முடிவதில்லை.

அப்புறம் காற்று. குளிர்காலத்தில் அது பனித்துகள்களை வாரியடித்துக்கொண்டு வரும். பனிக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் கிளையைத் தேய்த்து, உலர்த்திக் கொன்றுவிடும். அதனால் ஆர்க்டிக் வில்லோ என்ற குறுஞ்செடி பெரும்பாலும் சில சென்டிமீட்டர் உயரத்தோடு தரையில் படர்கிறது. மாஸ் கேம்பியன் என்ற செடி நெருக்கமான சிறு மெத்தை போல வளரும். வெயில் நாளில் அந்த மெத்தைக்குள் வெப்பம் வெளிக்காற்றைவிட 10 டிகிரிக்கும் மேல் கூடுதலாக இருக்கலாம். குளிர்காலத்தில் இவற்றின் மேல் விழும் பனி, காற்றும் உலர்ச்சியும் அண்டாமல் காக்கிறது. பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள்: தூந்திராவில் பனி பெரும்பாலான உயிர்களுக்குப் பாதுகாப்பு.

அண்ணா நகர், போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்: ஆண்டு மழைப்பொழிவு 250 மி.மீ.க்கும் குறைவு என்று படித்தேன். பிறகு எப்படிக் கோடையில் சதுப்பாக இருக்கிறது?

தண்ணீர் கீழே இறங்க வழியில்லை. கோடையில் மேல்மண் மட்டும் உருகும், அதன் அடியில் உறைநிலம். குளிரில் ஆவியாவதும் குறைவு. அவ்வளவுதான். அந்தத் தேங்கிய நீரில்தான் கொசுக்கள் கோடிக்கணக்கில் பிறக்கின்றன.

பெரம்பூர், ஏழாம் வகுப்பு மாணவி: குளிர்காலத்தில் எல்லா மிருகமும் தூங்கிவிடுமா? பெங்குயினும் அங்கே இருக்குமா?

பெங்குயின் இல்லை கண்ணா, ஆர்க்டிக் பக்கம் அது கிடையாது. தூங்குவதும் மிகச் சிலவே. அதில் கில்லாடி ஆர்க்டிக் தரை அணில். ஆண்டில் ஏழெட்டு மாதம் வளைக்குள் தூங்கும். அதன் உடல் வெப்பம் −2.9 டிகிரி வரை இறங்கியதை அளந்திருக்கிறார்கள். தண்ணீர் உறையும் அளவுக்கும் கீழே! ஆனாலும் ரத்தம் உறையாது. இரண்டு, மூன்று வாரத்துக்கு ஒருமுறை உடல் நடுநடுங்கித் தன்னைத்தானே சூடாக்கிக்கொள்ளும், பிறகு மறுபடி குளிர்ந்து தூங்கப் போகும்.

லெம்மிங் என்ற எலியினம் தூங்குவதே இல்லை. பனிக்கும் தரைக்கும் நடுவில் சுரங்கம் போட்டு, புல்லும் பாசியும் தின்று, குளிர்காலத்திலேயே குட்டியும் போடும். வெளியே −30 டிகிரி இருந்தாலும் கனத்த பனிக்கு அடியில் குளிர் அவ்வளவு இருக்காது. லெம்மிங்குகள் கூட்டமாகத் தற்கொலை செய்துகொள்ளும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. 1958இல் வந்த ஓர் ஆவணப்படத்துக்காக ஆட்களே அவற்றைத் தண்ணீரில் தள்ளிவிட்டுப் படம்பிடித்தார்கள். பாவம், பழி மட்டும் அவற்றின் மேல்.

மயிலாப்பூர், மாடித்தோட்டம் வைத்திருப்பவர்: ஆர்க்டிக் செடி எதையாவது நிழல்வலை போட்டு இங்கே வளர்க்க முடியுமா?

வேண்டாம் சார். பகல் வெயிலை நீங்கள் மறைத்துவிடலாம், நம் இரவு வெப்பத்தை என்ன செய்வீர்கள்? குளிரிலேயே வேகமாகச் சுவாசித்து வளரப் பழகிய செடிகள் அவை. இங்கே சேமித்த உணவையெல்லாம் சுவாசத்திலேயே செலவழித்துவிட்டு வாடிப்போகும்.

வேளச்சேரி, கல்லூரி மாணவர்: பூமி சூடானால் அங்குள்ள விலங்குகளுக்கு நல்லதுதானே மேடம்? குளிர் குறையுமே.

பலரும் இப்படி நினைப்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ரெயின்டீர் எனும் துருவ மானை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர் அதற்குப் பொருட்டே இல்லை. உரோமத்துக்குள் காற்று அடைபட்டிருக்கும். கால் பக்கம் இறங்கும் ரத்தம் தன் சூட்டைத் திரும்பி ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிடும். கண்ணின் உள்ளே ஒளியைத் திருப்பும் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்கால இருட்டில் நீலம். பனிக்கு அடியில் இருக்கும் லைக்கனை (பூஞ்சையும் பாசியும் சேர்ந்து வாழும் உயிரி) மோப்பம் பிடித்து, குளம்பால் தோண்டித் தின்னும்.

அந்தத் தோண்டலில்தான் அதன் உயிர் இருக்கிறது. 2013 நவம்பரில் ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் பனியின் மேல் மழை பெய்தது. பிறகு அது கெட்டியான ஐஸாக இறுகிவிட்டது. குளம்பால் உடைக்க முடியவில்லை. சுமார் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. மேய்ப்பர்களான நெனெட்ஸ் மக்கள் பலர் மந்தையையே இழந்தார்கள். குளிர்காலம் வெப்பமாக ஆக, இப்படிப் பனி மேல் மழை பெய்யும் வாய்ப்பும் கூடுகிறது. எனக்கு மிகவும் கவலை தருவது இதுதான்.

பெரும்பாக்கம், பறவை பார்ப்பவர்: பள்ளிக்கரணையில் தூந்திராப் பறவை எதையாவது பார்க்கலாமா?

தாராளமாக! கொசு உள்ளான் என்ற சின்னஞ்சிறு கரைப்பறவை வருகிறதே, அதன் சொந்த ஊர் ஆர்க்டிக் தூந்திரா. அலகு கீழ்நோக்கி வளைந்த கர்லூ சேண்ட்பைப்பர் சைபீரியத் தூந்திராவில் குஞ்சு பொரிப்பது. பழவேற்காட்டிலும் இரண்டையும் பார்க்கலாம். முன்பு சொன்ன கொசுவும் மற்ற பூச்சிகளும் திரளும் சில வாரங்களுக்குள் அங்கே குஞ்சுகள் வளர்ந்தாக வேண்டும். அது முடிந்ததும் தெற்கே கிளம்பிவிடும். ஏப்ரலில் போனால் சில சேண்ட்பைப்பர்களின் மார்பு செங்கல் நிறமாக மாறியிருக்கும். திரும்பிப் போவதற்காக உடம்பில் கொழுப்பு சேர்க்கும் நேரம் அது. தயவுசெய்து படம் எடுக்க என்று சேற்றில் இறங்கி அவற்றைப் பறக்கடிக்காதீர்கள். கரையில் நின்று பைனாகுலரில் பாருங்கள்.