உபுண்டுவில் அடிக்கடி வரும் பிழைகளை மறுபடி நிறுவாமல் சரிசெய்வது எப்படி?

உங்கள் கேள்வியில் மூன்று பிழைகளைக் குறிப்பிட்டிருக்கிறீர்கள்: மென்பொருள் நிறுவும்போது பூட்டைப் பெற முடியவில்லை என்று வருவது, கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்நுழைவுத் திரைக்கே திரும்பி வந்துவிடுவது, கெர்னல் (வன்பொருளை இயக்கும் உபுண்டுவின் மையப் பகுதி) புதுப்பிக்கப்பட்ட பிறகு திரை கறுப்பாகவே நிற்பது. ஒவ்வொரு முறையும் இணையத்தில் கிடைக்கும் கட்டளைகளை ஒட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் உபுண்டுவையே மறுபடி நிறுவிவிடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். இந்த மூன்றில் எதற்கும் மறுபடி நிறுவ வேண்டியதில்லை. நிறுவினாலும் காரணம் அப்படியே இருப்பதால், இரண்டாவதும் மூன்றாவதும் சில வாரங்களிலோ மாதங்களிலோ திரும்பி வர வாய்ப்புண்டு. கீழே வரும் கட்டளைகளை ஒலிப்படி தமிழ் எழுத்தில் எழுதியிருக்கிறேன். டெர்மினலில் அவற்றை ஆங்கில எழுத்தில்தான் உள்ளிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையிருக்காது.

பூட்டுப் பிழையிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் இதற்கு இணையத்தில் பரவலாகக் கிடைக்கும் தீர்வுதான் மிகவும் ஆபத்தானது. மென்பொருள் நிறுவும் கருவியான 'ஆப்ட்' மூலம் எதையாவது நிறுவ முயலும்போது, வார், லிப், டிபிகேஜி என்னும் பாதையில் உள்ள 'லாக்-ஃபிரண்ட்எண்ட்' என்ற கோப்பின் பூட்டைப் பெற முடியவில்லை என்று உபுண்டு சொல்கிறது. உடனே அந்தக் கோப்பை 'ஆர்எம்' கட்டளையால் அழித்துவிடுங்கள் என்று யாராவது எழுதியிருப்பார்கள். ஆனால் அந்தக் கோப்பு இருப்பதே பூட்டு அல்ல. எந்த நிறுவலும் நடக்காத நேரத்திலும் அது அங்கேயேதான் இருக்கும். ஒரு நிரல் அதைத் திறந்து கெர்னலிடம் பூட்டு கேட்டுப் பெறுவதுதான் உண்மையான பூட்டு. கோப்பை அழித்தால், ஏற்கெனவே நிறுவலை நடத்திக்கொண்டிருக்கும் நிரல் பழைய பூட்டுடன் தன் வேலையைத் தொடர்ந்து செய்யும். நீங்கள் தொடங்கும் இரண்டாவது நிரல் புதிய கோப்பை உருவாக்கிப் புதிய பூட்டைப் பெற்றுக்கொள்ளும். இரண்டும் ஒரே நேரத்தில் தரவுத்தளத்தில் எழுதினால், எந்தெந்த மென்பொருள் நிறுவப்பட்டிருக்கிறது என்ற பதிவே குழம்பிவிடும்.

பிழைச் செய்தியை முழுவதும் படித்தால், பூட்டை வைத்திருக்கும் நிரலின் எண்ணும் பெயரும் அதிலேயே இருப்பதைக் காணலாம். பெரும்பாலும் அது 'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்', அதாவது பாதுகாப்புப் புதுப்பிப்புகளைப் பின்னணியில் தானாக நிறுவும் சேவை. கணினியை இயக்கிய சில நிமிடங்களில் அது வேலையைத் தொடங்குவது வழக்கம் என்பதால்தான், காலையில் முதல் வேலையாக எதையாவது நிறுவுபவர்களுக்கு இந்தப் பிழை அதிகம் வருகிறது. செய்ய வேண்டியது காத்திருப்பது ஒன்றே. பொறுமையிழந்து கணினியை அணைத்துவிட்டால், அடுத்த முறை 'டிபிகேஜி பாதியில் நின்றுவிட்டது' என்ற செய்தி வரும் (ஆப்ட்டுக்கு அடியில் நிறுவலைச் செய்யும் நிரல்தான் டிபிகேஜி). அப்போது இயக்க வேண்டிய கட்டளையையும் அந்தச் செய்தியே தருகிறது: 'சூடோ டிபிகேஜி --கான்ஃபிகர் -ஏ' ('சூடோ' என்பது ஒரு கட்டளையை நிர்வாகி உரிமையோடு இயக்குவது). அதன் பிறகும் ஒன்றையொன்று சார்ந்த பேக்கேஜுகள் பொருந்தவில்லை என்றால் 'சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்' போதும். இந்த இரண்டாவது கட்டளை எதையெல்லாம் நீக்கப்போகிறது என்று பட்டியலிட்டுக் கேட்கும்போது, 'ஒய்' விசையைத் தட்டுவதற்கு முன் பட்டியலைப் படியுங்கள். அதில் 'உபுண்டு-டெஸ்க்டாப்' போன்ற பெயர் இருந்தால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

இரண்டாவது பிழை, உள்நுழைவுத் திரை சுற்றிச் சுற்றி வருவது, மூன்றிலும் அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது. கடவுச்சொல் தவறாக இருந்தால் உபுண்டு அதைத் தெளிவாகச் சொல்லிவிடும். எதுவும் சொல்லாமல் ஒரு கணம் திரை கறுத்து மீண்டும் அதே இடத்துக்கு வந்தால், கடவுச்சொல் ஏற்கப்பட்டுவிட்டது, ஆனால் அதற்குப் பின் தொடங்க வேண்டிய வரைகலை அமர்வு விழுந்துவிட்டது என்று பொருள். அப்போது 'கண்ட்ரோல்', 'ஆல்ட்', 'எஃப்3' மூன்றையும் சேர்த்து அழுத்தினால் எழுத்து மட்டும் உள்ள உள்நுழைவு வரும். அங்கே பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே போய், முதலில் 'டிஎஃப் -ஹெச்' கட்டளையை இயக்குங்கள். வேர்ப் பகுதிக்கு ('/' என்று காட்டப்படும் முதன்மைப் பகுதி) எதிரே 100% என்று இருந்தால் காரணம் கிடைத்துவிட்டது. அமர்வு தொடங்கும்போது வீட்டுக் கோப்புறையில் சில சிறு கோப்புகளை எழுதியாக வேண்டும், அதற்கே இடமில்லை.

எங்கள் தெருவில் முனைவர் பட்ட ஆய்வேட்டை எழுதிக்கொண்டிருக்கும் ஒரு மாணவியின் மடிக்கணினியில் இதே நிலைமை இருந்தது. அவர் ஏற்கெனவே ஒருமுறை மறுபடி நிறுவியும் அது திரும்பி வந்திருந்தது. 'சூடோ டியூ -எக்ஸ் -ஹெச் --மேக்ஸ்-டெப்த்=1' என்ற கட்டளையை வேரிலிருந்து தொடங்கி ஒவ்வொரு கோப்புறையாக இறங்கிப் பார்த்தபோது, இடம் முழுவதையும் விழுங்கியிருந்தது வார் கோப்புறைக்குள், நிகழ்வுப் பதிவுகள் சேமிக்கப்படும் லாக் கோப்புறை என்று தெரிந்தது. அதிலும் 'சிஸ்லாக்' என்ற ஒரே கோப்பு. அதன் கடைசி வரிகளைப் பார்த்தால் 'பிசிஐஇ பஸ் எரர்', 'கரெக்டட்' என்ற ஒரே செய்தி, நொடிக்குப் பலமுறை, முடிவில்லாமல். கணினிக்குள் இருக்கும் வைஃபை அட்டைக்கும் தாய்ப்பலகைக்கும் இடையிலான இணைப்பில் ஏற்பட்டு, வன்பொருளே சரிசெய்துகொண்டுவிடும் ஒரு சிறு பிழைதான் அது. வேலைக்கு அதனால் இடையூறு எதுவும் இல்லை. ஆனால் கெர்னல் ஒவ்வொரு முறையும் அதை நேர்மையாகப் பதிவு செய்துகொண்டே இருந்ததால் வட்டு நிரம்பிவிட்டது. பெரிதாகிப்போன கோப்பை 'சூடோ ட்ரன்கேட் -எஸ் 0' மூலம் காலியாக்கி, கணினி தொடங்கும்போது கெர்னலை ஏற்றும் நிரலான கிரப்பின் அமைப்பில் கெர்னலுக்கான வரியில் 'பிசிஐ=நோஏஇஆர்' என்று சேர்த்து, 'சூடோ அப்டேட்-கிரப்' இயக்கியதும் செய்திகள் நின்றன. இது பிழையை அல்ல, பிழை அறிவிப்பை நிறுத்துவது; சில இயந்திரங்களில் 'பிசிஐஇ_ஏஎஸ்பிஎம்=ஆஃப்' என்பது பிழையையே நிறுத்திவிடும், ஆனால் மின்கலம் சற்று வேகமாகத் தீரும். மறுபடி நிறுவியபோது அவருக்குக் கிடைத்தது காலியான லாக் கோப்புறை மட்டுமே.

கோப்பை ஏன் அழிக்காமல் காலியாக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒரு நிரல் திறந்து வைத்திருக்கும் கோப்பை அழித்தால் பெயர் மட்டும் போகும். அந்த நிரல் அதை மூடும்வரை இடம் விடுபடாது. அழித்த பிறகும் 'டிஎஃப்' 100% என்றே காட்டுவதற்கு இதுவே வழக்கமான காரணம். இதற்கு நேரெதிரான புதிர் ஒன்றும் உண்டு: இடம் தாராளமாக இருப்பதாக 'டிஎஃப்' காட்டும்போதே 'சாதனத்தில் இடமில்லை' என்று பிழை வரும். அப்போது 'டிஎஃப் -ஐ' இயக்கிப் பாருங்கள். லட்சக்கணக்கான சிறு கோப்புகளால் ஐநோடுகள் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று தேவைப்படும் பதிவிடங்கள்) தீர்ந்துபோயிருக்கும்.

வட்டு நிரம்பவில்லை என்றால் அடுத்த சந்தேகம் உரிமை. வீட்டுக் கோப்புறையில் 'எல்எஸ் -எல்ஏ' கொடுத்து, '.எக்ஸ்அத்தாரிட்டி' போன்ற கோப்புகள் உங்கள் பெயரில் இருக்கின்றனவா, நிர்வாகிக் கணக்கான 'ரூட்' பெயரில் இருக்கின்றனவா என்று பாருங்கள். வரைகலை நிரல்களைச் 'சூடோ' போட்டு இயக்கும் பழக்கம் உள்ளவர்களிடம் இது அடிக்கடி நிகழும். 'சூடோ சௌன்' மூலம் அந்த ஒரு கோப்பின் உரிமையை உங்கள் பெயருக்கு மாற்றினால் முடிந்தது.

நிரம்பியிருப்பது, கெர்னல் கோப்புகள் இருக்கும் 'பூட்' பகுதி மட்டும் என்றால் அது வேறு கதை. நிறுவும்போது வட்டை மறையாக்கம் செய்யத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு 'பூட்' தனிப் பகுதியாகச் சிறிய அளவில் அமையும். பழைய கெர்னல்கள் அங்கே சேர்ந்துகொண்டே போய், புதியதற்கான 'இனிட்ரேம்எஃப்எஸ்' கோப்பை (கணினி தொடங்கும்போது கெர்னல் முதலில் பயன்படுத்தும் சிறு கோப்பு முறைமை; 'இனிட்ஆர்டி' என்ற பெயரில் இருக்கும்) எழுத இடமில்லாமல் புதுப்பிப்பு பாதியில் நிற்கும். 'சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ்' வழக்கமான மருந்துதான். ஆனால் பாதியில் நின்ற நிறுவலை முதலில் முடிக்கச் சொல்லி அதுவும் மறுக்கும். முடிக்கவோ இடம் இல்லை. இந்தச் சிக்கலிலிருந்து வெளியே வர, 'யூநேம் -ஆர்' மூலம் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் கெர்னல் எது என்று உறுதிசெய்துகொண்டு, அதுவல்லாத மிகப் பழைய கெர்னலின் 'இனிட்ஆர்டி' கோப்பு ஒன்றை மட்டும் கையால் அழித்து இடம் உண்டாக்கி, பிறகு மேலே சொன்ன கட்டளைகளை வரிசையாக இயக்க வேண்டும்.

கறுப்புத் திரைக்கு வருகிறேன். உங்களிடம் என்விடியா வரைகலை அட்டை இருப்பதாக எழுதியிருப்பதால் காரணத்தை ஊகிப்பது எளிது. என்விடியாவின் டிரைவர், அதாவது அட்டையை இயக்கும் மென்பொருள், கெர்னலோடு ஒவ்வொரு பதிப்பிலும் பொருந்த வேண்டிய ஒரு மாட்யூல் (கெர்னலுக்குள் ஏற்றப்படும் துணைப் பகுதி). கெர்னல் மாறி, அதற்கேற்ற மாட்யூல் உருவாகாமல் போனால் திரை வராது. கணினி தொடங்கும்போது, தாய்ப்பலகையின் தொடக்க நிரல் பழைய பயாஸ் என்றால் 'ஷிஃப்ட்', புதிய யூஇஎஃப்ஐ என்றால் 'எஸ்கேப்' விசையைத் தட்டினால் கிரப் பட்டியல் வரும். அதில் மேம்பட்ட தேர்வுகளுக்குள் போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுத்துப் பாருங்கள். அதில் எல்லாம் சரியாக இயங்கினால் பழுது புதிய கெர்னலுக்கான மாட்யூலில்தான் என்பது உறுதி. பழைய கெர்னலும் இல்லையென்றால், கிரப் பட்டியலில் 'ஈ' விசையைத் தட்டி, 'கொயட் ஸ்பிளாஷ்' என்ற சொற்களுக்குப் பின் 'நோமோட்செட்' என்று சேர்த்து 'எஃப்10' அழுத்துங்கள். அந்த ஒரு தொடக்கத்துக்கு மட்டும் எளிய வரைகலையில் உள்ளே போகலாம். உள்ளே போனதும் 'உபுண்டு-டிரைவர்ஸ் டிவைசஸ்' கட்டளை எந்த டிரைவர் பரிந்துரைக்கப்படுகிறது என்று காட்டும், அதையே நிறுவுங்கள். என்விடியாவின் தளத்திலிருந்து '.ரன்' கோப்பைத் தரவிறக்கி நிறுவுவதை நான் யாருக்கும் பரிந்துரைப்பதில்லை, ஏனெனில் அது 'ஆப்ட்' அறியாமல் உள்ளே வருவதால், அடுத்த கெர்னல் புதுப்பிப்பில் இதே இடத்துக்கே மீண்டும் வந்து நிற்பீர்கள்.

டிரைவர் நிறுவியும் வேலை செய்யவில்லை என்றால் 'சூடோ மாட்புரோப் என்விடியா' இயக்கிப் பாருங்கள். சாவி நிராகரிக்கப்பட்டது என்ற பொருளில் பிழை வந்தால், தடுத்து நிற்பது செக்யூர் பூட், அதாவது நம்பகமான சாவியால் கையொப்பமிடப்படாதவற்றை ஏற்க மறுக்கும் பாதுகாப்பு வசதி. டிரைவரை நிறுவும்போது ஒரு கடவுச்சொல்லை உருவாக்கச் சொல்லியிருக்கும். மறுதொடக்கத்தில் நீலத் திரை ஒன்று வந்து, 'என்ரோல் எம்ஓகே' (சாவியைப் பதிவுசெய்) என்பதைத் தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைக் கொடுக்கச் சொல்லும். அந்தத் திரை சில விநாடிகளே காத்திருந்து தானாகப் போய்விடுவதால், தேநீர் எடுக்கப் போனவர்கள் அதைப் பார்த்திருக்கவே மாட்டார்கள். 'சூடோ மோக்யூட்டில் --இம்போர்ட்' மூலம் அதைத் திரும்ப வரவழைக்கலாம். வார், லிப், ஷிம்-சைன்டு, மோக் என்னும் பாதையில் இருக்கும் 'எம்ஓகே.டெர்' கோப்பைக் கொடுக்க வேண்டும். செக்யூர் பூட்டை அணைத்துவிடுவதும் ஒரு வழி, ஆனால் நான் அதைக் கடைசியாகத்தான் செய்வேன்.

விண்டோஸும் சேர்ந்து இருக்கும் கணினி என்பதால் இன்னும் இரண்டைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விண்டோஸுக்குப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால் அது பழுதல்ல; தாய்ப்பலகைக் கடிகாரத்தை உபுண்டு உலகப் பொது நேரமாகவும் விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் கொள்கின்றன. 'டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1' இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும். விண்டோஸ் பகுதியில் கோப்புகளை எழுத முடியவில்லை என்றால், விண்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' வசதியை அணையுங்கள். அது கணினியை முழுதாக மூடாமல் பாதி உறக்கத்தில் வைப்பதால் உபுண்டு அந்தப் பகுதியைப் படிக்க மட்டுமே அனுமதிக்கிறது.

கணினி தொடங்காமல் அடைப்புக்குறிக்குள் 'இனிட்ரேம்எஃப்எஸ்' என்ற சொல்லோடு நின்றால், கோப்பு முறைமையில் முரண்பாடு இருக்கிறது என்று மேலே உள்ள வரியும், எந்தப் பகுதியில் என்று அதன் பெயரும் இருக்கும். அந்தப் பெயரைக் கொடுத்து 'எஃப்எஸ்சிகே -ஒய்' இயக்கி, பிறகு 'எக்சிட்' கொடுத்தால் பெரும்பாலும் எழுந்துவிடும். ஒருமுறை என்றால் மின்தடை காரணமாக இருக்கலாம். இரண்டாம் முறையும் வந்தால் வட்டையே சந்தேகியுங்கள்: லைவ் யூஎஸ்பி (உபுண்டுவை நிறுவாமலே இயக்கும் யூஎஸ்பி) மூலம் முதலில் கோப்புகளை வெளியே எடுத்துவிட்டு, 'ஸ்மார்ட்சிடிஎல் -ஏ' காட்டும் அட்டவணையில் 'கரண்ட் பெண்டிங் செக்டார்' என்ற வரியில் பூஜ்ஜியத்துக்கு மேல் எண் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வட்டை மாற்ற வேண்டியதுதான்.

'ஆப்ட் அப்டேட்' செய்யும்போது '404' வருவது பற்றியும் ஒரு வரியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் குறிப்பிட்டிருக்கும் 23.10 பதிப்புக்கு ஒன்பது மாத ஆதரவு மட்டுமே. அது 2024 ஜூலையில் முடிந்துவிட்டது. அதன் கோப்புகள் பழைய பதிப்புகளுக்கான சர்வருக்கு இடம்பெயர்ந்துவிட்டதால்தான் இந்தப் பிழை. ஐந்து ஆண்டு ஆதரவுள்ள 24.04 போன்ற எல்டிஎஸ் பதிப்பிலேயே இருந்துகொள்ளுங்கள்.

மறுபடி நிறுவுவதுதான் சரி என்று நானும் ஒப்புக்கொள்ளும் ஓர் இடம் இருக்கிறது. அனுமதி மறுக்கப்பட்டது என்ற பிழைக்குத் தீர்வாக யாரோ எழுதியதை நம்பி, வேர்க் கோப்புறை முழுவதற்கும் 'சிஎச்மோட் -ஆர் 777' கொடுத்துவிட்டால், 'சூடோ' நிரலுக்கு இருக்க வேண்டிய சிறப்பு அனுமதியே அழிந்து, அதன்பின் 'சூடோ' இயங்கவே மறுக்கும். ஆயிரக்கணக்கான கோப்புகளின் பழைய அனுமதிகளை ஒவ்வொன்றாக மீட்பதைவிட நிறுவுவது எளிது. அப்படி நேர்ந்தால் 'ஆப்ட்-மார்க் ஷோமேனுவல்' தரும் பட்டியலை ஒரு கோப்பில் எழுதி, வீட்டுக் கோப்புறையோடு சேர்த்து வெளி வட்டுக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். இதற்குச் 'சூடோ' தேவைப்படாது. நீங்கள் பார்த்துப் பார்த்து நிறுவிய மென்பொருள்களை அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துத் திரும்ப நிறுவிக்கொள்ளலாம்.