முதல் நாளே அம்மா ஏன் சொல்லவில்லை?

கேள்வி: 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் வெள்ளத்தில் எங்கள் வீடு மூழ்கியது. அரசு அறிவித்த 2,000 ரூபாய் நிவாரணத்தை வங்கிக் கணக்கில் போடுவதாக என் அம்மாவின் பெயரையும் ரேஷன் கார்டு எண்ணையும் சொல்லி ஃபோனில் ஒருவன் பேசியதை நம்பி, அவர் முதல் நாள் 4,900 ரூபாயும் அடுத்த இரண்டு நாட்களில் 9,900 ரூபாயும் இழந்தார். ஐந்து நாள் கழித்துத்தான் எங்களிடம் சொன்னார். இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன். படிப்பு இல்லாததும் பேராசையும்தானே இதற்குக் காரணம்?
– ஒரு வாசகர், திருவெண்ணெய்நல்லூர்

பதில்: 2,000 ரூபாய்க்கு ஆசைப்பட்டதைப் பேராசை என்கிறீர்கள். அது அரசே தருவதாகச் சொன்ன பணம். சாத்தனூர் அணைத் தண்ணீர் ராத்திரியோடு ராத்திரியாகத் தென்பெண்ணையில் வந்து, அரிசி மூட்டையிலிருந்து பாய் தலையணை வரை ஊறிப்போன வீட்டில், தனக்கு உரியது எப்போது வரும் என்று ஒரு பெண்மணி காத்திருந்தார். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுங்கள்.

படிப்பு விஷயமும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலுக்குப் பிறகு, தண்ணீரில் நின்ற காருக்கு இன்சூரன்ஸ் சர்வேயர் என்று சொல்லி வந்தவனிடம் 1,500 ரூபாயை எடுத்துக் கொடுத்தவர் எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரிப் பேராசிரியர். சர்வேயரை அனுப்புவதும் அவருக்குக் கட்டணம் தருவதும் இன்சூரன்ஸ் நிறுவனத்தின் வேலை, நாம் ஒரு ரூபாயும் தர வேண்டியதில்லை என்பது அவருக்கும் தெரியாததல்ல. மூன்று நாள் மின்சாரம் இல்லாமல், தூக்கம் இல்லாமல் இருந்தவருக்கு அந்த நேரத்தில் அது தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அம்மாவின் பெயரும் ரேஷன் கார்டு எண்ணும் அவனுக்கு எப்படித் தெரிந்தது என்று யோசித்தீர்களா? அதே மிக்ஜாம் சமயத்தில் பள்ளிக்கரணைப் பக்கம் ஒரு நிவாரணக் குழுவில் நானும் இருந்தேன். பால் பவுடர், போர்வை கொடுப்பதற்காக நோட்டில் எழுதிய பட்டியல் அது. பெயர், தெரு, ஃபோன் எண், ஆதார் எண் எல்லாம் இருக்கும். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டார்கள். இரண்டே நாளில், சம்பந்தமே இல்லாத மூன்று குழுக்களிலிருந்து அதே படம் என் ஃபோனுக்குத் திரும்பி வந்தது. மூலையில் இருந்த டீக்கறை உட்பட அதே தாள்! நல்ல மனசோடு செய்ததுதான். ஆனால் அந்தத் தாள் ஒரு திருடன் கையில் கிடைத்தால், பெயர் சொல்லிக் கூப்பிட்டு 'அம்மா, உங்க கார்டுக்குப் பணம் வந்திருக்கு' என்று பேசுவதற்கு அவனுக்கு வேறென்ன வேண்டும்? நிவாரண வேலை செய்யும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன்: ஆதார் எண்ணை எழுதவே எழுதாதீர்கள், பட்டியலைப் படம் பிடித்துப் பகிராதீர்கள்.

அப்புறம், அவன் என்ன செய்யச் சொன்னான்? நீங்கள் எழுதவில்லை, ஆனாலும் ஊகிக்க முடிகிறது. கணக்கு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும், பின் நம்பரைப் போடுங்கள் என்றிருப்பான். யுபிஐ-யில் பணம் அனுப்பத்தான் பின் நம்பர் வேண்டும், வாங்குவதற்கு வேண்டாம். அந்த 2,000 ரூபாயை அரசு ரேஷன் கடை வழியாகத்தான் கொடுத்தது. இந்த இரண்டையும் ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து அம்மாவிடம் சொல்லியிருந்தால் போதும். ஃபோன் வாங்கிக் கொடுத்த அன்று யாராவது சொன்னீர்களா?

உதவி செய்யக் கிளம்புகிறவர்களையும் இந்த மோசடிக்காரர்கள் விடுவதில்லை. 2024 ஜூலையில் வயநாடு நிலச்சரிவு நடந்தபோது, முதலமைச்சர் நிவாரண நிதிக்கு வைத்திருந்த க்யூஆர் கோடைக் கேரள அரசே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதைத் தவறாகப் பயன்படுத்திவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். வாட்ஸ்அப்பில் வருகிற படத்தை ஸ்கேன் செய்து நன்கொடை அனுப்பாதீர்கள். அரசு இணையதளத்தில் நீங்களே தேடிப் போய் அனுப்புங்கள்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் நின்று போன இடத்துக்கு வருகிறேன். முதல் நாள் போனது 4,900 ரூபாய். அன்றைக்கே சைபர் மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-க்கு ஃபோன் செய்திருந்தால், பணம் போய்ச் சேர்ந்த கணக்கில் இருக்கும்வரை அதை முடக்கி வைக்க வழி உண்டு. வங்கியிடமும் சொல்லியிருக்க வேண்டும். 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதிப்படி, நாமே பின் நம்பரைக் கொடுத்து ஏமாந்திருந்தாலும், வங்கிக்குத் தகவல் சொன்ன பிறகு மோசடியில் போகிற பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. சொல்லும்வரை போனது மட்டும் நம் தலையில் விழும். ஆக, 9,900 ரூபாய் காப்பாற்றியிருக்கக்கூடிய பணம். அம்மா ஏன் வாய் திறக்கவில்லை? ஒரு வருத்தமான வார்த்தைகூட இல்லாமல் 'இன்றுவரை திட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குப் பயந்துதான். நாளைக்கு இன்னொரு புயல் வந்து இன்னொருவன் கூப்பிட்டால், இதே பயத்தில் அடுத்த தடவை அவர் ஐந்து நாள் கழித்துக்கூடச் சொல்ல மாட்டார்.

இப்போதும் புகார் கொடுக்கலாம். பணம் போன தேதிகள் உள்ள பாஸ்புக்கையும், அழைப்பு வந்த எண்ணையும் எடுத்துக்கொண்டு, விழுப்புரத்தில் உள்ள சைபர் க்ரைம் காவல் நிலையத்துக்கு அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அங்கே அவரைப் பேச விடுங்கள். அவனுடைய குரலைக் கேட்டது அவர்தான்.