81 வயதில் இடுப்பு ஆபரேஷன் தாங்குமா?

கேள்வி: கானாடுகாத்தானில் என் ஆத்தா (வயது 81) முந்தாநாள் இரவு வளவுப் (வீட்டு உள்முற்றம்) படியில் தடுக்கி விழுந்துவிட்டார். தொடை எலும்பின் கழுத்து முறிந்து விலகியிருப்பதாக எக்ஸ்ரேயில் தெரிகிறது. டாக்டர் உடனே ஆபரேஷன் என்கிறார். சுகர், பி.பி. உண்டு. கட்டுப் போட்டுப் படுக்க வைத்தாலே கூடிவிடும் என்கிறார்கள் பங்காளிகள். சிங்கப்பூரிலிருந்து தம்பி வர நான்கு நாள் ஆகும். என்ன செய்வது?

பதில்: தம்பிக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த முறிவுக்கு 48 மணி நேரத்துக்குள் ஆபரேஷன் செய்துவிடுவது நல்லது. உங்களுக்கு அந்த நேரம் ஏறக்குறைய முடிந்தேவிட்டது. இன்றே சம்மதம் சொல்லுங்கள்.

தொடை எலும்பின் தலைக்குப் பெரும்பாலான ரத்தம் அந்தக் கழுத்து வழியாகத்தான் போகிறது. முறிந்து விலகினால் ரத்த ஓட்டம் அறுந்துபோகும். எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் எலும்பு ஒன்றுசேராது. அதனால்தான் அந்தத் தலையை எடுத்துவிட்டு உலோகத் தலை பொருத்துகிறோம்.

ஆபரேஷனைவிட, படுக்கையை அவர் தாங்குவாரா என்பதுதான் என் கவலை. இந்த வயதில் வாரக்கணக்கில் மல்லாந்து கிடந்தால் நிமோனியா, படுக்கைப்புண், காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போவது என்று ஒவ்வொன்றாக வரும். ஆபரேஷனில் ஆபத்தே இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் பலருக்கு முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மட்டும் மரக்கச் செய்தே முடித்துவிடுகிறோம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

மறுநாளே வாக்கரைப் பிடித்து நிற்க வைப்பார்கள். "பாவம், வலிக்குமே" என்று தடுக்காதீர்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக் கொடுத்து நடக்க வையுங்கள். முதல் சில இரவுகள் இடம் தெரியாமல் பிதற்றலாம், எப்போதோ காலமானவரைக் கூப்பிடலாம். டாக்டரிடம் சொல்லிவிட்டு, வீட்டு ஆள் ஒருவர் பக்கத்திலிருந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிவிட்டுப் பேச்சுக் கொடுங்கள். பெரும்பாலும் தெளிந்துவிடும்.

நம் வீடுகளில் கழிப்பறை வீட்டின் பின்கோடியில் இருக்கும். வழியெல்லாம் படியும் நிலையும். ஆத்தா திரும்புவதற்குள் கட்டிலையும் கமோடு நாற்காலியையும் ஒரே அறையில் போட்டுவிடுங்கள். ராத்திரி விளக்கு எரியட்டும். டாக்டர் சொல்லும்வரை சம்மணமும் குந்துவதும் வேண்டாம். சில மாதங்களில் வீட்டுக்குள் நடமாடுவார் என்று எதிர்பார்க்கலாம். கைத்தடி கூடவே நின்றுவிடலாம்.

படி தடுக்கியதற்கே முறிந்தது என்றால் எலும்பு மெலிந்திருக்கிறது. கால்சியமும் வைட்டமின் டியும் மட்டும் போதாது. சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றும் ஜோலெட்ரானிக் ஆசிட் போன்ற மருந்து தருவார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் அது இல்லையென்றால் நீங்களே கேளுங்கள். விட்டுவிட்டால் அடுத்த இடுப்புக்கும் இதே கதி வரலாம்.