வெளிநோயாளி மருந்துச் சீட்டில் சந்தேகமா? மருந்தாளுநர் பதிலளிக்கிறார்

கேள்வி: அம்மாவுக்கு முடக்குவாதம். சீட்டில் மெத்தோட்ரெக்ஸேட் 7.5 மி.கி., 0-0-1 என்று இருக்கிறது. ஓரத்தில் புரியாத கிறுக்கல். நான்கு நாளாக இரவில் தருகிறோம். வாயெல்லாம் புண்.

பதில்: மாத்திரையை நிறுத்திவிட்டு இப்போதே அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். சீட்டும் அட்டையும் கையில் இருக்கட்டும். முடக்குவாதத்துக்கு இந்த மாத்திரை வாரத்தில் ஒரே நாள்தான். அந்தக் கிறுக்கல் கிழமையாக இருக்கலாம். தினமும் விழுங்கினால் எலும்பு மஜ்ஜையில் இரத்த அணுக்கள் உருவாவது தடைபடும். வாய்ப்புண் நச்சு ஏறுவதன் அடையாளம். இரத்த அணுக்கள், சிறுநீரகம், கல்லீரல் மூன்றையும் சோதித்து, தேவையானால் ஃபோலினிக் அமிலம் தருவார்கள். வீட்டிலுள்ள ஃபோலிக் அமில மாத்திரை அதற்கு ஈடாகாது.

மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: இந்த மருந்தை வாங்கும்போது எந்தக் கிழமை என்று கேட்டு, அட்டையிலேயே எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மூட்டுவலிக்கு ஓரிடத்தில் அசெக்ளோஃபெனாக், பல்வலிக்கு வேறிடத்தில் டைக்ளோஃபெனாக். இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டானும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சாப்பிடுகிறேன்.

பதில்: வலி மாத்திரைகள் இரண்டும் ஒரே வகை. சேர்த்துச் சாப்பிட்டால் வயிற்றில் இரத்தக்கசிவு அபாயம்தான் கூடும். உங்கள் அழுத்த மருந்துகளோடு வலி மாத்திரை ஒன்று சேர்ந்தாலே சிறுநீரகம் திடீரெனப் பழுதாகக்கூடும். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்கவில்லை, அவ்வளவுதான். எல்லாச் சீட்டுகளையும் மாத்திரைகளையும் ஒரே பையில் போட்டு, எங்கே போனாலும் கொண்டுபோங்கள்.

கேள்வி: தைராய்டு மாத்திரையோடு கால்சியம் சாப்பிடலாமா?

பதில்: 4 மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: சர்க்கரை 240. எந்த மாத்திரை நல்லது?

பதில்: அதை உங்கள் மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

கேள்வி: எழுதியதை எடுத்துக் கொடுப்பதுதானே உங்கள் வேலை? மருத்துவரையே கேள்வி கேட்கச் சொல்கிறீர்களா?

பதில்: ஆமாம், கேட்கத்தான் சொல்கிறேன். ஒரே வகை மருந்து இருமுறை வந்திருக்கிறதா, ஒன்றோடொன்று மோதுகிறதா, அளவு சரியா என்று ஒவ்வொரு சீட்டையும் மருந்தாளுநர் ஆராய வேண்டும். தேவையானால் மருத்துவரைக் கலந்து பேச வேண்டும். 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறைகள் இதைக் கடமையாகவே வைத்திருக்கின்றன. நெரிசலான ஓ.பி.யில் நூறாவது நோயாளியைப் பார்க்கும் மருத்துவருக்கு இன்னொரு ஜோடிக் கண்கள் வேண்டாமா?

கேள்வி: அப்படியானால் நோயாளிக்கு மருத்துவர்மேல் நம்பிக்கை போய்விடாதா?

பதில்: நோயாளி முன்னால் குறை சொன்னால் போகும். அதனால்தான் தொலைபேசியில் மருத்துவரிடமே பேசுகிறோம். முதல் கேள்வியிலுள்ள அம்மாவுக்காக யாராவது ஓர் அழைப்பு செய்திருந்தால் அந்த வாய்ப்புண் வந்திருக்காது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கேள்வி: முதுகுவலிக்கு எடோரிகாக்சிப், தலைவலிக்கு ஐபுப்ரோஃபென். இரண்டும் சேரலாமா?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். பெயர் மாறினாலும் வகை அதேதான், சேர்க்காதீர்கள். பையை எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

கேள்வி: புது மாத்திரையால் தடிப்பு வந்தது. எங்கே தெரிவிப்பது?

பதில்: முதலில் எழுதிக் கொடுத்த மருத்துவரிடம். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ நேராக அவசரப் பிரிவுக்கு. பிறகு, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லா எண் 1800-180-3024இல் நீங்களே பதிவு செய்யலாம்.